ஸுபைர் (ரலி) அவர்களின் கடன் கணக்கு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை மகனும், சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவருமான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களை நாம் மாவீரராகவே அதிகம் அறிந்திருக்கிறோம். அன்னாரின் கணக்கு வழக்கும் ஜமாஅத்தார் அறிய வேண்டியதே.

மக்கள் தம் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டு வருவர். அன்னார் அதனை அமானிதமாக ஏற்க மாட்டார்கள், கடனாகவே பெறுவார்கள். அமானிதப் பொருள் காப்பவரின் தவறின்றித் தொலைந்தால் அவர்மீது பொறுப்பில்லை. கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரப்பட வேண்டும். மக்கள் பணம் வீணாகிவிடலாகாது என்று அப்பாரத்தைத் தாமே ஏற்றார்கள். இன்று வங்கியில் நாம் இடும் தொகையும் சட்டப்படி வங்கி நமக்குத் தரவேண்டிய கடன்தான். ஆயினும் அன்னாரிடம் வட்டிக்கு இடமே இல்லை.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் போர் நாளன்று மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறும், இயலாதபோது தம் எஜமானனிடம் உதவி தேடுமாறும் பணித்தார்கள். எஜமானன் யாரென மகனாருக்கு விளங்கவில்லை. அல்லாஹ்வே எனத் தெளிவுபடுத்தினார்கள்.

அன்னார் ஷஹீதான பின் கணக்கிட்டால் கடன் 22 லட்சம்! ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலங்களும் வீடுகளுமே இருந்தன. மதீனாவில் மட்டும் 11 வீடுகள். சொத்திருந்தும் கையில் பணமில்லாத நிலை நம் வணிகர்களுக்குப் புதிதன்று. 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கிய அல்ஃகாபா நிலம் 16 லட்சத்துக்கு விலைபோயிற்று. தமக்குரிய 4 லட்சத்தை விட்டுத்தர அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்கள் முன்வந்தும் மகனார் இசையவில்லை.

கடன் தீர்ந்ததும் வாரிசுகள் பங்கு கேட்டனர். மகனாரோ 4 ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், கடன் தந்தோர் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவித்த பின்னரே பிரித்தளித்தார்கள். மனைவியர் நால்வருக்கும் ஆளுக்கு 12 லட்சம் கிடைத்தது.