நரேன் திண்ணையில் சாய்ந்த இரவு

குவீன்ஸ்டவுனில் நம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் தவறாமல் வந்த தம்பி ஒருவர் திடீரென்று நின்றுவிட்டார். காப்பிக்கடையில் பார்த்து விசாரித்தேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கல, சாமி கும்பிட்டாலும் மனசு ஒட்டல என்றார். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காமல், உண்மையான பக்தி இருந்தால் இதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆண்டுதோறும் ஜனவரி 12 அன்று நாம் மாலை போடுகிறோமே, அவருக்கே இது வந்ததே! கைகட்டி நிமிர்ந்து நிற்கும் சிகாகோ படத்தையே பார்த்துப் பார்த்து, விவேகானந்தர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நின்றார்னு நெனச்சுக்கிறோம்.

1884இல் அவர் வெறும் நரேந்திரன், வயது 21. கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞரான அப்பா விசுவநாத தத்தர் திடீரென்று இறந்துபோனார். மிஞ்சியது கடன்தான். குடியிருந்த வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அம்மா, தம்பி தங்கைகள் எல்லாரும் மூத்த பிள்ளையான இவர் கையைத்தான் பார்த்தார்கள்.

செருப்பில்லாத காலோடு வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வீட்டில் எல்லாருக்கும் போதுமான சோறு இல்லாத நாளில், நண்பர் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பட்டினியாகக் கிளம்பிவிடுவார். ஒரு காலை இவர் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்தபோது, பக்தியே உருவான அந்த அம்மாவே, கடவுள் நமக்கு என்ன செய்தார் என்று கசந்து கடிந்துகொண்டார். நரேனின் நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. கடவுள் இல்லை என்றே நண்பர்களிடம் வாதாடினார். ஒரு மழை நாளில், நாள் முழுக்கச் சாப்பிடாமல் அலைந்து, வீட்டுக்கு நடக்கத் தெம்பில்லாமல், தெருவோரம் யார் வீட்டுத் திண்ணையிலோ சாய்ந்துவிட்டார்.

பையன் கெட்டுவிட்டான், நாத்திகனாகிவிட்டான் என்று தட்சிணேஸ்வரத்தில் போய்ச் சொன்னவர்கள் உண்டு. ராமகிருஷ்ணர் அதை நம்பவில்லை, சொன்னவர்களைத்தான் கடிந்துகொண்டார். நரேனின் நண்பரிடம், அவன் வீடு கஷ்டத்தில் இருக்கிறது, நண்பர்கள் உதவினால் நல்லது என்றும் சொன்னார். தன் கஷ்டத்தை வெளியே சொன்னதற்காக நரேனுக்குக் கோபம்கூட வந்ததாம்! நம்ம தம்பிகளும் அப்படித்தானே, யாருக்கும் தெரியக்கூடாது என்பார்கள்.

காளியிடம் போய்ப் பணம் கேள் என்று அதே இரவில் மூன்று முறை அனுப்பினார் குரு. மூன்று முறையும் பணம் கேட்க வாய் வரவில்லை. ஞானமும் வைராக்கியமும் கேட்டுவிட்டுத் திரும்பினார். கடைசியில், எளிய சோற்றுக்கும் துணிக்கும் உன் குடும்பத்துக்குக் குறை வராது என்று குரு உறுதி சொன்னார். பள்ளிக்கூட வேலை, அலுவலக வேலை என்று கிடைத்ததைச் செய்தார் நரேன். வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை.

அதோடு தீர்ந்துவிட்டதா? இல்லை. 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறி, வழியில் நம் சிங்கப்பூரிலும் இறங்கி, பூமலையையும் அரும்பொருளகத்தையும் பார்த்துவிட்டுப் போனவர், அமெரிக்காவில் மறுபடி மனம் உடைந்தார். மாநாடு செப்டம்பரில்தான். கையில் காசு கரைகிறது, குளிர் வேறு. சென்னையில் பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாளுக்குத் தந்தி அடித்தார். வீடு வீடாகப் போய் அந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தவரே அவர்தான். பிறகு சிகாகோவில் முகவரி தொலைந்து, ரயில் நிலையத்தில் காலிப் பெட்டிக்குள் தூங்கி, மறுநாள் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார்தான் உள்ளே அழைத்துச் சோறு போட்டார்.

சாய்ந்த ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் வந்திருக்கிறார். நான் காப்பிக்கடையில் அந்த ஆளாக இல்லை.

நேற்று அந்தத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டேன், நரேன் கதையைச் சொன்னேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். இரவில் மனம் ரொம்பத் தடுமாறினால் 1767க்கு எந்நேரமும் அழைக்கலாம் என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்துக்குப் போகிறார். நானும் கூடப் போறேன்.