பண்ணையாள் சட்டமும் பி.ராமமூர்த்தியும்: ‘ஒரு வேலி’ கணக்கு ஏன் சர்ச்சையானது?

டெல்டாவில் குத்தகை நிலத்தில் பயிரிடுபவர் பயிர்க் காப்பீடு கட்டணும்னா, முதலில் கேட்கப்படுவது அடங்கல். வாய்மொழிக் குத்தகையில் இருப்பவருக்கு அங்கேயே சிக்கல் ஆரம்பம். சட்டம் இருக்கிறது, ஆனா உழைப்பவருக்கு எட்டவில்லை என்ற இந்தக் குறை புதுசல்ல. 1952-லேயே சென்னை சட்டமன்றத்தில் அலசப்பட்ட விஷயம்தான்.

யார் இந்த ராமமூர்த்தி?

1908-ல் கும்பகோணம் அருகே வேப்பத்தூரில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தார். காங்கிரஸ் தொண்டராகத் தொடங்கி, 1930-களில் கம்யூனிஸ்ட் ஆனார். சிறை, தலைமறைவு என்றே பல ஆண்டுகள் ஓடின. 1952 தேர்தலில் சிறையில் இருந்தபடியே மதுரையில் போட்டியிட்டு ஜெயித்தார்.

அந்தத் தேர்தலில் மொத்தம் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. தேர்தலில் நிற்காத ராஜாஜி, மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். இந்த நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடியானது.

சட்டம் என்ன சொன்னது?

அதே ஆண்டு ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்கென அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது. கூலிக்கு வரையறை உண்டு. குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. அதுவரை மிராசுதார் வைத்ததே சட்டமாக இருந்த ஊர்களில் இது பெரிய மாற்றம்தான்.

அப்புறம் என்ன குறை?

சட்டம் எல்லா நிலத்துக்கும் பொருந்தவில்லை. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6.67 ஏக்கருக்கு மேல், வைத்திருப்பவரைத்தான் கட்டுப்படுத்தியது. நிலத்தை உறவினர் பெயரில் பிரித்து எழுதிவிட்டால் தப்பிக்க வழி உண்டு. ஐந்தில் இரண்டு பங்கு போதாது என்பதும் ராமமூர்த்தி இருந்த கம்யூனிஸ்ட் தரப்பின் விமர்சனம். 1956-ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. நன்செய் நிலத்தில் உரிமையாளருக்கு 40 சதவீதம், மீதி உழுபவருக்கு.

பிறகு?

ராமமூர்த்தி மாநிலங்களவைக்கும், 1967-ல் மதுரையிலிருந்து மக்களவைக்கும் போனார். அவர் எம்.பி.யாக இருந்த காலத்தில்தான், 1968 டிசம்பர் 25-ல், கூலிப் பிரச்சினையின் உச்சமாகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. 1970-ல் சிஐடியு தொடங்கியபோது அதன் முதல் பொதுச் செயலாளர் அவர்தான். 1987 டிசம்பரில் மறைந்தார்.

அவர் காலத்தில் வந்த அந்தப் பதிவுச் சட்டம் இன்றும் இருக்கிறது. டெல்டாவில் பதிவாகாத குத்தகைகளும் இருக்கின்றன.