சொற்களின் வேரைத் தேடிய ஹென்றி யூல்

மாணவர்களே, நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ சூப் ஆனது. இப்படி ஆசிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன சொற்களைத் தேடித் தொகுத்தவர் ஹென்றி யூல்.

இவர் 1820 மே 1ஆம் நாள் ஸ்காட்லாந்தின் இன்வரெஸ்க் என்ற ஊரில் பிறந்தார். 1840இல் வங்காளப் பொறியாளர் படையில் சேர்ந்து, கால்வாய்ப் பணிகளில் ஈடுபட்டார். 1862இல் ஓய்வு பெற்ற பின் இத்தாலியின் பலெர்மோ நகரில் தங்கினார். மார்க்கோ போலோவின் பயண நூலை மொழிபெயர்த்து 1871இல் வெளியிட்டார்.

அதன்பின் அவருக்கு வாய்த்த நண்பர் ஆர்தர் பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். இருவரும் கடிதங்கள் வழியாகவே ஓர் அகராதியை உருவாக்கத் தொடங்கினர். ஒரு சொல் எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில், என்ன பொருளில் வந்தது என்று சான்றுகளை வரிசைப்படுத்தினர்.

அதில் ‘கூலி’ என்ற சொல்லும் உண்டு. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலத்திலோ அது உழைப்பவரின் பெயராகி, பின்னர் இழிசொல்லாகவும் மாறியது. தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிய நம் முன்னோர் அந்தப் பெயரைச் சுமந்தனர். இச்சொல் தமிழிலிருந்தே வந்தது என்று யூல் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. மேற்கு இந்தியாவில் வாழும் ‘கோலி’ மக்களின் பெயரையும் எடுத்துக்காட்டினார்; தமிழ்ச் சொல்லும் அதனுடன் கலந்திருக்கலாம் என்றார்.

1882இல் பர்னெல் தம் 42ஆவது வயதில் காலமானார். யூல் தளரவில்லை. தனியாக உழைத்து, 1886இல் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற பெயரில் அகராதியை வெளியிட்டார். முகப்பில் தம் பெயருடன் மறைந்த நண்பரின் பெயரையும் அச்சிட்டார். 1889 டிசம்பர் 30ஆம் நாள் லண்டனில் மறைந்தார்.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் நாம் தினமும் ‘கம்போங்’ என்கிறோம். சுற்றுச்சுவருக்குள் அடங்கிய வளாகத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்ட்’ என்ற ஆங்கிலச் சொல், இந்த மலாய்ச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஓர் ஆங்கிலச் சொல்லின் ஒலி நம் சொல்லைப் போல் இருந்தால் உடனே சொந்தம் கொண்டாடாதீர்கள். அகராதியைத் திறந்து, அது எந்த ஆண்டில், எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். யூல் செய்ததும் அதுதான்.