ஈயத்துக்குள் நடந்த தங்கம்

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீனவர் வலையில் ஈயக்குண்டுகள் தொங்கும். மனைவி கழுத்தில் தங்கத் தாலி மின்னும். இரண்டும் கெட்டியான உலோகங்கள். ஒன்றுக்குள் ஒன்று தானாக நுழையுமா?

நுழையும் என்று காட்டியவர் ராபர்ட்ஸ் ஆஸ்டன்.

1843-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1865-ல் லண்டன் தங்கசாலையில் தாமஸ் கிரஹாமுக்கு உதவியாளர் ஆனார். வாயுக்களும் திரவங்களும் தாமாகக் கலப்பதை ஆராய்ந்த மேதை கிரஹாம். 1869-ல் அவர் காலமானார். குரு விட்ட இடத்தில் சீடர் தொடங்கினார்.

நாணயத்தின் மாற்றுப் பார்ப்பது ராபர்ட்ஸின் வேலை. கடுகளவு தங்கமும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஈயத் தண்டின் அடியில் தங்கத்தைச் சேர்த்தார். ஈயம் உருக 327 டிகிரி சூடு வேண்டும். அதற்குக் குறைந்த சூட்டில் பல நாள் வைத்தார். பிறகு தண்டை நறுக்கி, துண்டு துண்டாகச் சோதித்தார். மேல் துண்டுகளிலும் தங்கம்! 1896-ல் இதை வெளியிட்டார்.

சூடே இல்லாவிட்டால்? வேறு தண்டுகளைச் சும்மா வைத்து, நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தார். 1900-ல் நறுக்கினார். அங்கும் தங்கம் சிறிது ஏறியிருந்தது!

அணுக்கள் ஓயாமல் துடிக்கின்றன. இடுக்குக் கிடைத்தால் தாவுகின்றன. சூடு ஏறினால் வேகம் கூடும். ஆசாரி பொடி வைத்து நகையைப் பற்றவைக்கும்போதும் இப்படியே அணுக்கள் கலக்கின்றன.

1899-ல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1902-ல் மறைந்தார். எஃகு நன்றாகக் காயும்போது அதில் உண்டாகும் 'ஆஸ்டனைட்' அவர் பெயரை இன்றும் சொல்கிறது.