சித்தி லெப்பையும் மூதூர் லோஞ்சும்

1977ஆம் ஆண்டு தபால் திணைக்களம் அறிஞர் சித்தி லெப்பையின் உருவம் பொறித்த முத்திரையொன்றை வெளியிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தருகே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த வாப்பா, கடைக்கு வரும் கடிதங்களில் உள்ள முத்திரைகளை எனக்காக வெட்டி எடுத்து வருவார். இவர் யார் என்று கேட்டேன். கண்டியில் பெரிய புரொக்டர் என்றார். அதற்கு மேல் வாப்பாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதே வருடம்தான் என் ராத்தாவின் படிப்பும் நின்றது. மூதூரில் எட்டாம் வகுப்பை முடித்தவள் மேலே படிக்க டவுனுக்குப் போவதென்றால் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். குமர்ப்பிள்ளை ஆண்களோடு லோஞ்சில் போவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். அரசாங்கம் எந்தச் சட்டமும் போட்டுத் தடுக்கவில்லை. தடுத்தது நாங்கள்தான்.

பல வருடங்கள் கழித்து சித்தி லெப்பையின் வரலாற்றைப் படித்தபோது அந்த முத்திரையும் லோஞ்சும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தை இலங்கை முஸ்லிம்களில் முதலாவது புரொக்டர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார், கண்டி மாநகர நீதிமன்றத்தில் நீதவானாகவும் இருந்தார். பெயர், வருமானம், வெள்ளைக்கார அதிகாரிகளின் மதிப்பு எல்லாம் கிடைத்திருந்தன. அந்தக் காலத்து வசதியான முஸ்லிம் ஒருவர் அத்தோடு நின்றிருக்கலாம். பெரும்பாலானோர் நின்றார்கள்.

அன்று எமது நிலை என்ன? 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் சிங்களவருக்கு ஒருவர், தமிழருக்கு ஒருவர், பறங்கியருக்கு ஒருவர் என்று உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள். முஸ்லிம்களுக்கென்று ஆசனம் இல்லை; தமிழ் உறுப்பினரே எமக்கும் பேசுவார் என்பது ஏற்பாடு. 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்ற கருத்தைப் பொன்னம்பலம் இராமநாதன் சபையில் முன்வைத்தார். இனத்தால் யார் என்பது நூல்களில் தேட வேண்டிய விடயம். ஆனால் அந்தக் கருத்து நிலைத்தால் தனி ஆசனம் கேட்கும் வாசல் மூடிவிடும் என்பது சித்தி லெப்பைக்குப் புரிந்தது. தமது முஸ்லிம் நேசன் பத்திரிகையில் மறுத்து எழுதினார். 1889இல் சபையில் இரண்டு ஆசனங்கள் கூட்டப்பட்டன. ஒன்று கண்டிச் சிங்களவருக்கு, மற்றது முஸ்லிம்களுக்கு. எம். சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினரானார்.

இதில் ஒன்றை நம்மவர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நாம் தனிச் சமூகம் என்ற வாதத்தை அவர் நடத்தியது தமிழில். 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் தமிழ்ப் பத்திரிகை. 1885இல் அவர் எழுதிய அசன்பே சரித்திரம் இலங்கையின் முதல் தமிழ் நாவல். மொழியோடு அவருக்குப் பகை இருக்கவில்லை.

ஆனால் ஆசனத்துக்கான போராட்டத்தை விட அவரைக் களைப்படையச் செய்தது வீட்டுக்குள் நடந்த போராட்டம்தான் என்பது என் எண்ணம். ஆங்கிலப் பாடசாலை என்றாலே அன்று மிஷனரிப் பாடசாலை, அங்கே பைபிளும் பாடம். பிள்ளை மதம் மாறிவிடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் துறைமுக நகரிலும் பழைய பாடசாலைகள் மிஷன் பாடசாலைகள்தானே. அதற்காகப் பிள்ளையைப் படிப்பிக்காமலே விட்டுவிடுவதா, நாமே பாடசாலை கட்டுவதா என்பதுதான் கேள்வி. ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று சொன்னவர்களோடு அவர் ஊர் ஊராக வாதாடினார், பத்திரிகையில் எழுதினார், தொழிலில் வந்த பணத்தைச் செலவிட்டார். கொழும்பில் அவர் முதலில் எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்திருந்த உறாபி பாஷா, கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு கைகோத்து 1892இல் மருதானையில் ஆரம்பித்த மத்ரஸாதான் பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரி.

பெண்பிள்ளைகள் விடயத்தில் அவருடைய துணிவு இன்னும் பெரிது. 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கி, தம் சகோதரியையே அங்கே படிப்பிக்க வைத்தார். ஊராரின் பிள்ளைகளைக் கேட்பதற்கு முன் தம் வீட்டுப் பெண்ணை முன்னால் நிறுத்தினார். அதற்கு 86 வருடங்களுக்குப் பிறகு மூதூரில் என் ராத்தாவின் புத்தகங்கள் பரணில் ஏறின.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளை வெள்ளையரின் பாடசாலைகளில் சேர்க்காமல் வேறாக வைத்திருந்தார்கள். கொன்சாலோ மென்டெஸ் என்ற விவசாயியும் வேறு நான்கு தந்தையரும் வழக்குத் தொடுத்தார்கள். 1946இல் வென்றார்கள், மேன்முறையீட்டில் 1947இலும் வென்றார்கள். அவர்களுக்கு முன்னால் மூடிய கதவு இருந்தது, தட்டினார்கள். எங்கள் கதவை உள்ளே இருந்தும் சிலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி லெப்பை இரண்டு பக்கமும் தள்ள வேண்டியிருந்தது.

1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறையும் முன்பே அவர் காலமானார். 1905இல் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாதென்று சட்டத்தரணி எம். சி. அப்துல் காதருக்குச் சொல்லப்பட்டபோது, மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் பெருங்கூட்டம் கூடியது. தடை நீங்கியது. நீதிமன்றத்தில் நிற்க ஒரு முஸ்லிம் சட்டத்தரணி இருந்ததால்தான் தொப்பிக்கே ஒரு வழக்கு வந்தது.

2018இல் எங்கள் நகரில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்தி வரக்கூடாதென்று ஆர்ப்பாட்டம் நடந்தபோது இந்தத் தொப்பிக் கதையைப் பலரும் எழுதினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு வரை விவகாரம் போனது. ஆசிரியைகளின் பக்கம் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்று மேடையில் உரிமை பற்றி உரத்துப் பேசியவர்களில் சிலர், ஒரு காலத்தில் லோஞ்சைக் காட்டித் தங்கள் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்தியவர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மேடைக்கு அது பொருத்தமில்லை என்று நினைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

ராத்தாவின் இளைய மகள் இன்று டவுனில் விஞ்ஞான ஆசிரியை. பாலங்கள் கட்டிய பிறகு மூதூரிலிருந்து பஸ்ஸிலேயே போய் வருகிறாள். அபாயாதான் உடுத்துகிறாள். காலையில் அவளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பது ராத்தா.