அகராதியாசிரியர் ஹார்ன்பி

ஆங்கிலம் பயிலும் மாணாக்கருள் ஆக்ஸ்போர்டுப் பதிப்பகத்தார் வெளியிட்ட மாணாக்கர் அகராதியைக் கையிலெடாதார் மிகச் சிலரே. நம் நூல்நிலையத்திலும் அது பலர் கைபட்டு ஓரம் தேய்ந்து நிற்பதைக் காண்கின்றோம். ஆயினும், அதனை முதற்கண் ஆக்கித் தந்த பெரியாரின் வரலாற்றை அறிந்தார் நம்முட் பலரிலர். ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி என்னும் அவ்வறிஞர் அரசியலில் புகழ் பெற்றவரல்லர், போர்க்களத்தில் வென்றவருமல்லர். பிறமொழி மாணாக்கர் இழைக்கும் பிழையை எள்ளாது, அதன் காரணத்தைத் தேடிக் கண்ட ஓர் ஆசிரியர் அவர். அச்சிறப்பு ஒன்றனையே கருதி அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க முற்படுகின்றோம்.

ஹார்ன்பி 1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பழம்பெரு நகரங்களுள் ஒன்றாகிய செஸ்டரில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்றுப் பட்டம் பெற்றார். பின்னர் ஜப்பான் நாட்டின் தென்பாலுள்ள கியூஷூத் தீவில், ஓயிட்டா என்னும் ஊரின் உயர்தர வணிகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க 1924ஆம் ஆண்டளவில் சென்றார். இளைஞராகவே இருந்தார் அப்பொழுது அவர்.

இலக்கியம் கற்பிக்கச் சென்றவர் கண்டது வேறு நிலை. அம்மாணாக்கர் கடினமான ஆங்கில நூல்களைத் தம் மொழியில் பெயர்த்துரைக்க வல்லராயிருந்தனர். தம் கருத்தை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக அமைக்கும்பொழுது இடர்ப்பட்டனர். அவர்களுக்கு முதலில் வேண்டுவது காவியமன்று, மொழியே எனத் தெளிந்தார் ஹார்ன்பி. தாம் கற்ற கல்வியை ஒருபுறம் வைத்து, தம் மாணாக்கருக்கு வேண்டுவதைத் தேடத் தொடங்கினார். தாம் விரும்பிக் கற்ற துறையைப் பிறர்பொருட்டு விட்டுக்கொடுத்தல் எத்துணை அரிது என்பதை இலக்கியம் பயிலும் நாம் நன்கு உணர்வோம்.

அக்காலத்தில் டோக்கியோ நகரில் ஹெரால்டு பாமர் என்னும் பேரறிஞர் இருந்தார். அவர் 1922இல் ஜப்பானுக்கு வந்து, மறு ஆண்டில் ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் கழகமொன்றை நிறுவியவர். எந்தச் சொற்களை முதலிற் கற்பிப்பது, எச்சொல் எச்சொல்லோடு சேர்ந்து வழங்கும், ஒரு வினை எவ்வகை வாக்கியத்தில் அமையும் என்பனவே அக்கழகத்தார் எடுத்துக்கொண்ட வினாக்கள். ஓயிட்டாவிலிருந்தே ஹார்ன்பி இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டார். பின்னர்ப் பாமரின் அழைப்பிற்கிணங்க டோக்கியோவிற்கே சென்று அவருக்கு வலக்கைபோல் உதவினார். 1936இல் பாமர் தாயகம் திரும்பியபின் கழகத்தின் ஆராய்ச்சிப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது.

அவ்வாராய்ச்சியுள் ஹார்ன்பியின் பெயரை நிலைபெறச் செய்தது வினையமைப்புக்களின் வகுப்பாகும். ஒரு வினையின் பொருளை அறிந்தால் மட்டும் அதனை ஆளவியலாது. டெல் என்னும் வினைக்குப்பின் மீ என்று கூறலாம் எனக் கற்ற மாணாக்கன், எக்ஸ்பிளெயின் என்னும் வினைக்குப்பின்னும் அவ்வாறே மீ என்று எழுதுகின்றான். அது பிழை, டு என்னும் இடைச்சொல் ஆங்கு வேண்டும். மாணாக்கன் அறிவின்மையால் இவ்வாறு எழுதவில்லை; ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்ந்தே எழுதினான். அவன் உய்த்துணர்வு தவறிய இடத்தில் அவனுக்குத் துணையாவது எந்த அகராதி? அக்காலத்துப் பேரகராதிகள் ஆங்கிலேயர்க்கென அமைந்தவை; ஆங்கிலேயர் இயல்பாக அறிந்ததை அவை கூறா.

இவ்விடர் நமக்கும் புதிதன்று. ஒருவரை ஒரு நிலையினராகக் கூறுதற்குத் தமிழில் 'ஆக' என்னும் ஒரு சொல்லே பெரும்பான்மையும் போதியதாகின்றது. அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர், அமைச்சராக நியமித்தனர், அறிஞராக மதித்தனர், பகைவராகக் கருதினர். வினை மாறினும் 'ஆக' மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ வினைதோறும் வழி வேறுபடுகின்றது. கால், மேக் என்னும் வினைகளின்பின் செயப்படுபொருளும் அதன் நிலையைக் குறிக்கும் பெயரும் இடையில் யாதொரு சொல்லுமின்றி அடுத்தடுத்து நிற்கும். ரிகார்ட், டிஸ்கிரைப் என்பவற்றின்பின் ஆஸ் என்னும் சொல் இடையே வருதல் வேண்டும். மிஸ்டேக் என்பதன்பின் ஃபார் வரும். எலெக்ட், அப்பாயிண்ட் என்பன ஆஸ் பெற்றும் பெறாதும் அமையும். நம் 'ஆக' என்பதன் நினைவால், கால் என்பதற்குப்பின் ஆஸ் சேர்த்தெழுதி, ஆசிரியரின் சிவப்பு மைக்கு இலக்காகாதார் நம்முள் யாவர்?

இன்னும் ஒரு நுட்பம் காண்க. மேட் ஹிம் எ செர்வன்ட் என்னும் தொடரும், மேட் ஹிம் எ சேர் என்னும் தொடரும் உருவில் ஒன்றே. முன்னதன் பொருள் அவனை வேலைக்காரன் ஆக்கினான் என்பது. பின்னதன் பொருள் அவனுக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்தான் என்பது. தமிழில் 'அவனை' எனவும் 'அவனுக்கு' எனவும் வேற்றுமையுருபுகள் இவற்றைப் பிரித்துக்காட்டும். ஆங்கிலத்தில் அவ்வுருபு இன்மையால் சொற்களின் உறவைக் கொண்டே பொருள் துணியவேண்டும். உருவில் ஒத்த இவ்விரண்டையும் ஹார்ன்பி வெவ்வேறு அமைப்புக்களாக வகுத்தார். பாமர் காட்டிய வழியைப் பின்பற்றி, ஆங்கில வினைகள் ஏற்கும் அமைப்புக்களை இருபத்தைந்தாக அடக்கினார். ஒவ்வொரு வினைக்கும் அருகில் அது ஏற்கும் அமைப்பின் எண்ணை அகராதியிற் குறித்தார். மாணாக்கன் அவ்வெண்ணைக் கொண்டு அட்டவணையை நோக்கித் தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம். எண்ணிக் கூறத்தகும் பெயர் எது, தகாத பெயர் எது என்பதையும் அவ்வகராதி குறித்துக் காட்டிற்று.

கேட்ன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவரும் இப்பணியில் அவருக்குத் துணையாயினர். சில ஆண்டுகள் அகராதிக்கென இடைவிடாது உழைத்தபின் பேரிடர் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. பதினேழு ஆண்டுகள் அந்நாட்டு இளைஞர்க்குக் கற்பித்த ஆசிரியர் பகை நாட்டவராகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவர் எவர் பொருட்டு உழைத்தாரோ அவர் நாடே அவரைச் சிறைப்படுத்திற்று. ஆயினும், அவர் உழைப்பு வீண்போகவில்லை. 1942இல் அவ்வகராதி டோக்கியோவில் கைதக்குஷா என்னும் பதிப்பகத்தாரால் வெளியிடப்பெற்றது. பகைவரின் மொழிக்குப் பகைவர் இயற்றிய அகராதியைப் போர் நடுவில் அச்சிட்ட அப்பதிப்பகத்தாரின் துணிவும் போற்றற்பாலது. கல்விக்கு எல்லையில்லை என்பது வெறும் மேடைப் பேச்சன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வாண்டிலேயே ஹார்ன்பி விடுவிக்கப்பட்டுத் தாயகம் சேர்ந்தார். பின்னர் பிரிட்டிஷ் கவுன்சிலின் பணியேற்று ஈரான் நாட்டிற்குச் சென்று அங்கும் ஆங்கிலம் கற்பித்தார். போர் முடிந்தபின் லண்டனுக்குத் திரும்பி, ஆங்கில ஆசிரியர்க்கென 1946இல் ஓர் இதழைத் தொடங்கி அதன் ஆசிரியராக அமர்ந்தார். அவ்விதழ் இன்றும் நடைபெறுகின்றது. டோக்கியோவில் வெளிவந்த அகராதியை ஆக்ஸ்போர்டுப் பதிப்பகத்தார் 1948இல் நிழற்பட முறையில் மீண்டும் அச்சிட்டு உலகெங்கும் பரப்பினர். 1954இல் வினையமைப்புக்களை விரித்துரைக்கும் தனி நூல் ஒன்றை ஹார்ன்பி வெளியிட்டார். அகராதியின் இரண்டாம் பதிப்பு 1963இலும் மூன்றாம் பதிப்பு 1974இலும் வந்தன. அவர் காலத்திற்குப்பின் அமைப்புக்களைக் குறிக்கும் எண்கள் நீங்கி, எளிய குறிப்புக்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. எனினும், வினையைப் பொருளோடு மட்டுமன்றி அமைப்போடும் கற்பித்தல் வேண்டும் என்னும் அவர் கொள்கை நீங்கவில்லை.

இந்நூல்களால் வந்த வருவாய் பெரிது. அதனைத் தம் சுகவாழ்விற்கே வைத்துக்கொண்டிருப்பின் அவரைக் குறைகூறுவார் யாருமிலர். ஹார்ன்பியோ 1961இல் ஓர் அறநிலையம் நிறுவி, தம் நூல் வருவாயின் பெரும்பகுதியை அதற்கு அளித்தார். பிற நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் இங்கிலாந்திற்கு வந்து மேற்பயிற்சி பெறுதற்கு அந்நிதி இன்றளவும் உதவி வருகின்றது. மாணாக்கரிடமிருந்து பெற்றதை அவர்தம் ஆசிரியர்க்கே மீட்டளித்த செயல் இது. தாலந்தைப் புதைத்து வைத்தவனின் உவமையைச் சிறுவயது முதற் கேட்டு வரும் நமக்கு, புதையாது பெருக்கிப் பிறர்க்கு ஈந்த இவ்வாழ்க்கை நல்லதோர் உரையாக அமைகின்றது. 1978ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் எண்பதாம் வயதில் ஹார்ன்பி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் வரலாற்றை நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. கல்லூரியார் அவரை இலக்கிய ஆசிரியராக நியமித்தனர். அவர் தம்மை மொழியாசிரியராக்கிக்கொண்டார். போர் அவரைப் பகைவராக்கிற்று. பல நாட்டு மாணாக்கர் அவரைத் துணைவராகக் கொண்டனர். பிறர் நமக்கு இடும் பெயரும் தரும் பதவியும் நம் கையில் இல்லை. நாம் மேற்கொள்ளும் தொண்டே நம் கையில் உள்ளது. நாளை ஆசிரியப் பணியேற்கவிருக்கும் நம்முட் பலரும், நம் மாணாக்கரின் பிழையைக் கண்டவுடன் சினவாது, அப்பிழைக்கு அவர் எவ்வழியில் வந்தார் என ஒரு கணம் நின்று வினவுவோமாக. நூல்நிலையத்தில் அவ்வகராதியை அடுத்த முறை எடுக்குங்கால், ஓயிட்டா ஊரின் வகுப்பறையில் அவ்வாறு நின்று வினவிய அவ்விளைஞரை நன்றியோடு நினைப்போமாக.