ஈப்போவின் குரல்: டி.ஆர். சீனிவாசகம்

ஈப்போவில் காலையும் மாலையும் மக்கள் நடைப்பயிற்சிக்குக் கூடும் பெரிய பூங்காவுக்கு ஒரு காலத்தில் கொரோனேஷன் பார்க் என்று பெயர். இன்று அது டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. அங்கு ஓடியாடும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது தெரியாது. ஆனால், அவர்களின் தாத்தா பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும்.

தர்மராஜா சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு பிறந்தார். இலங்கைத் தமிழர் வழி வந்த குடும்பம் அவருடையது. அவரும் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர்கள். குற்றவியல் வழக்குகளில் வாதாடுவதில் டி.ஆர். பெரும் பெயர் எடுத்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டப் பாட்டாளிகளும் சிறு கடைக்காரர்களும் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கில், நீதிமன்றத்தில் கிடைத்த அந்தப் பெயரே அவருக்கு அரசியலிலும் முதலாக அமைந்தது.

1953ஆம் ஆண்டு சகோதரர்கள் இருவரும் முன்னின்று பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். 1956இல் அது மக்கள் முற்போக்குக் கட்சி எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் நாட்டுக்குப் பொதுவானதாக மாறினாலும் கட்சியின் வேர் பேராக்கில்தான் இருந்தது.

தொடக்கம் கசப்பாகவே அமைந்தது. 1955 பொதுத் தேர்தலில் மொத்தம் 52 இடங்களில் கூட்டணி 51 இடங்களை வென்றது. எஞ்சிய ஓர் இடம் பாஸ் கட்சிக்குப் போனது. முற்போக்குக் கட்சிக்கு ஒன்றும் இல்லை. அப்போது சீனர்களிலும் இந்தியர்களிலும் பெரும்பாலோர் குடியுரிமை பெறாததால் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை.

சுதந்திரம் அடைந்த மூன்றே மாதத்தில் நிலைமை மாறியது. ஈப்போ-மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினராக இருந்த ம.சீ.ச.வின் லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநரானார். அதனால் 1957 நவம்பரில் அங்கு இடைத்தேர்தல் வந்தது. கூட்டணியின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரத்தில் டி.ஆர். அந்தத் தொகுதியைக் கைப்பற்றினார்.

அந்த வெற்றிக்குத் தமிழர் வாக்குகள் மட்டும் போதுமானவை அல்ல. கிந்தாவில் சீனர்களே பெருந்தொகையினர். அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட புதுக்கிராமத்து மக்கள், சீனரைத் தலைவராகக் கொண்ட ம.சீ.ச.வை விட்டுவிட்டு ஒரு தமிழ் வழக்கறிஞரின் பின்னால் திரண்டனர். குடியுரிமை, தாய்மொழிக் கல்வி, எல்லா இனத்தவர்க்கும் சம உரிமை ஆகியவற்றை அவர் விட்டுக்கொடுக்காமல் பேசியதே அதற்குக் காரணம்.

1959 பொதுத் தேர்தலில் கட்சி நான்கு நாடாளுமன்ற இடங்களையும் பேராக் சட்டமன்றத்தில் எட்டு இடங்களையும் வென்றது. அண்ணன் எஸ்.பி. மெங்லெம்புவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். ஈப்போ நகராட்சியும் கட்சியின் கைக்கு வந்தது.

நாடாளுமன்றத்தில் டி.ஆர். எழுந்தால் அமைச்சர்கள் காதைத் தீட்டிக்கொண்டு அமர்வார்கள். 1960களின் நடுவில், அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் ஊழல் குற்றச்சாட்டைச் சுமத்தினார். மன்றத்துக்குள் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியே வந்து பேசத் தயாரா என்று அறைகூவல் வந்தது. டி.ஆர். வெளியே வந்து பொதுமேடையில் அதையே திரும்பக் கூறினார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றார், பதவியும் போனது. தோற்றிருந்தால் டி.ஆரின் பெயரும் பொருளும் பறிபோயிருக்கும். அதைத் தெரிந்தே அவர் அந்த அடியை எடுத்து வைத்தார்.

ஆனால், தேர்தல் காற்று எப்போதும் ஒரே பக்கம் வீசவில்லை. இந்தோனேசியாவுடனான மோதல் நடந்துகொண்டிருந்த 1964இல் மக்கள் கூட்டணியின் பக்கம் சாய்ந்தனர். முற்போக்குக் கட்சிக்கு ஈப்போ, மெங்லெம்பு என இரண்டே நாடாளுமன்ற இடங்கள் மிஞ்சின. சட்டமன்றத்தில் எட்டு ஐந்தானது. 1965 மே மாதம் சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சியோடும் வேறு சில கட்சிகளோடும் சேர்ந்து மலேசிய ஒற்றுமை மாநாட்டில் முற்போக்குக் கட்சி இணைந்தது. ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்ததும் அந்த முயற்சி வலுவிழந்தது.

அடுத்த தேர்தலுக்குக் கட்சி ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், 1969 மார்ச் 15ஆம் நாள் டி.ஆர். காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து, மே 10ஆம் நாள் நடந்த தேர்தலில் கட்சி தன் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றியைக் கண்டது. நாடாளுமன்றத்தில் நான்கு இடங்கள்; பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12. கூட்டணி 19 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தது. மாநில ஆட்சியே கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் மே 13 கலவரமும் அவசரகாலப் பிரகடனமும் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டன. அந்த நாளில் வழிகாட்ட டி.ஆர். இல்லை.

எஸ்.பி.யின் தலைமையில் கட்சி 1972இல் பேராக்கில் கூட்டணியோடு கைகோத்தது. பின்னர் தேசிய முன்னணியில் சேர்ந்தது. பல ஆண்டுகள் எதிர்க்கட்சிக்கே வாக்களித்துப் பழகிய கிந்தா மக்கள் அதை ஏற்கவில்லை. 1974 தேர்தலில் அவர்களின் வாக்கு ஜ.செ.க.வுக்குப் போனது. மெங்லெம்புவில் எஸ்.பி.யே தோற்றார், மறு ஆண்டு அவரும் மறைந்தார். 1978இல் கட்சிக்கு ஒரு நாடாளுமன்ற இடம்கூடக் கிட்டவில்லை. பிறகு ஒரே ஒருமுறை, 2004இல், தைப்பிங்கில் வெற்றி கிட்டியது.

கட்சி தேய்ந்துபோனது. ஆனால், இனம் பார்த்தே வாக்கு விழும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், சீனர்கள் பெருவாரியாக வாழும் ஒரு தொகுதி ஒரு தமிழரை மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அந்தச் செய்தியைப் பூங்காவில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.